மாதிரி நீர்மூழ்கி கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழித்துறைக்கு அருகே எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. "நீர்மூழ்கி மோட்டார் பழுதுபார்க்கப்படும்" என்று பலகையில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு உள்ளே வருகிறவர்கள் மேசைமேல் கிடக்கும் ஒரு மீட்டர் நீள நீர்மூழ்கிக் கப்பலைப் பார்த்துக் குழம்புவது வழக்கம். கிணற்று மோட்டாருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. தண்ணீரை வெளியே நிறுத்தி மின்சாரத்தை உள்ளே வைத்திருப்பதுதான் இரண்டிலும் வேலை.

பதினோரு ஆண்டுகளில் நான்கு படகுகள் கட்டியிருக்கிறேன். மார்த்தாண்டத்துப் பள்ளிப் பிள்ளைகள், நாகர்கோவில் பொறியியல் மாணவர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை நண்பர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைக்கிறேன்.

அண்ணா, இது உண்மையிலேயே தண்ணீருக்குள் போகுமா, அல்லது நீர்மூழ்கி உருவத்தில் மேலேயே ஓடுமா?

உள்ளேயே போகும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், படகு எப்போதும் மிதக்கும்படியே எடை வைக்கப்பட்டிருக்கும். வேகமாக ஓடும்போது மீன்துடுப்புபோல் இருபுறமும் நீண்டிருக்கும் சிறகுகளைச் சாய்த்தால் மூக்கு இறங்கி உள்ளே போகும். மோட்டாரை நிறுத்தினால் தானாக மேலே வந்துவிடும். இரண்டாம் வழி, உண்மையான நீர்மூழ்கியைப் போல பாலாஸ்ட் தொட்டியில் தண்ணீரை வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே இறங்குவது. முதலாவதை "ஓடி மூழ்குவது", இரண்டாவதை "நின்று மூழ்குவது" என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோம்.

முதல் படகு ஓடி மூழ்குவதாக இருக்கட்டும். எல்லோரும் கற்பனை செய்வது மூழ்கும் காட்சியைத்தான். அம்மிக்கல்லும் அதை அழகாகச் செய்யும். நாம் உழைப்பதெல்லாம் திரும்பி மேலே வருவதற்கு.

கிட் வாங்கிச் சேர்த்தால் ஆகாதா? எதற்கு ஒவ்வொன்றையும் கையால் செய்ய வேண்டும்?

தாராளமாக வாங்கலாம். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் அருமையான கிட்டுகள் தயாராகின்றன. ஆனால் விலையோடு கப்பல் கூலியும் சுங்கமும் சேரும்போது இங்கே ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிவிடலாம். ஒரு ஓ-ரிங் (மூடியில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போனால் அதற்கும் காத்திருக்க வேண்டும். கையால் கட்டிய படகில் எது போனாலும் மார்த்தாண்டத்துக் குழாய்க்கடையிலோ திருவனந்தபுரத்துச் சாலை பஜாரிலோ மாற்று கிடைத்துவிடும்.

எவ்வளவு செலவாகும்? உண்மையைச் சொல்லுங்கள்.

என் முதல் படகுக்கு 9,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. அதில் பாதிக்கு மேல் ரிமோட்டும் ரிசீவரும் தின்றன. உடல் முழுக்கப் பி.வி.சி. துண்டுகள். வீணாக்கிய பொருள்களின் கணக்கை வீட்டில் நான் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

எந்த நீர்மூழ்கியை மாதிரியாக எடுத்துக்கொள்வது?

கடையில் கிடைக்கும் குழாய்க்கு எந்தக் கப்பல் பொருந்துகிறது என்று தலைகீழாக யோசியுங்கள். நம் பி.வி.சி. குழாய்களில் 110 மி.மீ. என்றால் அது வெளிவிட்டம். 2017 டிசம்பர் 14 அன்று கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். கல்வரி 67.5 மீட்டர் நீளமும் 6.2 மீட்டர் விட்டமும் கொண்டது. 6.2 மீட்டரை 110 மி.மீ. ஆக்கினால் அளவுவிகிதம் 1:56. நீளம் 1.2 மீட்டர் வரும், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். கல்வரி என்பது மலையாளத்தில் ஆழ்கடல் புலிச்சுறாவின் பெயர் என்று கடற்படை விளக்குகிறது. எல்லையில் வாழும் நமக்கு இரண்டு மொழியிலும் உரிமையுள்ள கப்பல்.

விசாகப்பட்டினம் கடற்கரையில் 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுராவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அதையே கட்டத் துடிக்கிறார்கள். நேரில் ஏறி இறங்கிப் பார்க்கக்கூடிய கப்பல் என்பதால் ஆசை நியாயமானது. ஆனால் அது 91.3 மீட்டர் நீளமும் 7.5 மீட்டர் அகலமும் கொண்ட ஒல்லிக்குச்சி. 1:100 அளவில் 75 மி.மீ. அகலம்தான் கிடைக்கும்; அதற்குள் சாமான்களை அடைப்பதற்குள் கண்ணீர் வந்துவிடும். மூன்றாவது படகாக வைத்துக்கொள்ளுங்கள்.

110 குழாயின் இரண்டு முனைகளையும் அடைத்துவிட்டால் படகு தயார்தானே? உள்ளே இன்னொரு குழாய் எதற்கு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 110 மி.மீ. விட்டம், 1.2 மீட்டர் நீளம் உள்ள உருளை சுமார் 11.4 லிட்டர் தண்ணீரை விலக்கும். அது மூழ்க வேண்டுமானால் மொத்த எடை 11.4 கிலோவாக இருக்க வேண்டும். மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ வராது, மீதிக்கு ஈயம்தான். அதைக் குளக்கரைக்குத் தூக்கிச் செல்ல ஓர் ஆள் தனியாக வேண்டும்.

அதனால் வெளிக்கூட்டில் துளைகள் போட்டுத் தண்ணீரைத் தாராளமாக உள்ளே விடுகிறோம். கூட்டுக்குள் 90 மி.மீ. விட்டமும் 45 செ.மீ. நீளமும் உள்ள ஓர் உலர் உருளை மட்டும் அடைக்கப்பட்டிருக்கும். அது விலக்குவது 2.9 லிட்டருக்குள். சமாளிக்க வேண்டிய எடை நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது, காக்க வேண்டிய மூடிகளும் இரண்டே. கிடைத்தால் இந்த உருளையை மட்டும் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் குழாயில் செய்யுங்கள். உள்ளே ஒரு துளி தண்ணீர் புகுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

மூக்கும் வாலும் வளைந்து வருகின்றனவே, அதை எப்படிச் செய்வது?

என் முதல் படகின் மூக்கு ஒரு சிரட்டை. கிழக்கே கொட்டாங்கச்சி என்பார்கள். 110 மி.மீ. குழாய்க்கு ஏற்ற சிரட்டை தேடி வீட்டுத் தேங்காய்களை அளவுகோலோடு பரிசோதித்ததில் மாமியார் என்னைப் பார்த்த பார்வை மாறியது. உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு பூச்சு ரெசின் கொடுத்தேன். இன்றும் நன்றாக இருக்கிறது.

வால் கூம்பி வர வேண்டும். தெர்மாகோலைச் செதுக்கி அதன்மேல் ஃபைபர் போடலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குளச்சல், முட்டம் பக்கம் வள்ளம் பழுதுபார்க்கும் இடங்களில் எளிதாகக் கிடைப்பது பாலியெஸ்டர் ரெசின். அது தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஒன்று, தெர்மாகோலின்மேல், வண்ணமடிக்குமுன் சுவருக்குப் பூசும் பட்டியை முழுதாகப் பூசிக் காயவிடுங்கள். அல்லது எபாக்ஸி வாங்குங்கள், அது கரைக்காது. இன்னொன்று: பாலியெஸ்டருக்குக் கோபால்ட் என்று ஒரு புட்டியும் ஹார்டனர் என்று ஒரு புட்டியும் தருவார்கள். இவை இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்டனரை விட வேண்டும். வள்ளம் கட்டும் அண்ணன்மார்கள் அருகில் நின்று ஒருநாள் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

என்னிடம் விமானத்துக்கு வாங்கிய 2.4 ரிமோட் இருக்கிறது. கரையில் ஒரு கிலோமீட்டர் எட்டுகிறது. தண்ணீருக்குள் அரை மீட்டர்கூட எட்டாதா?

எட்டாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் சில சென்டிமீட்டர்களிலேயே விழுங்கிவிடும். மைக்ரோவேவ் அடுப்பு அதே அலைவரிசையில்தான் சோற்றிலுள்ள ஈரத்தைச் சூடாக்குகிறது. அதிர்வெண் குறையக் குறைய அலை ஆழமாக இறங்கும். நமக்குப் பக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம், மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. அவ்வளவு உயரமான கோபுரங்களை நட்டுவைத்தும் அலை கடலுக்குள் இறங்குவது சில பத்து மீட்டர்கள்தான்.

நமக்கு மூன்று வழிகள். ஒன்று, 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட். குறைந்த திறனில் இந்தப் பட்டைக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. நன்னீரில் இரண்டு மூன்று மீட்டர் ஆழம்வரை வேலை செய்யும். இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது, பழைய பொம்மைக் கார்களின் வயிற்றிலிருந்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு, 2.4 ரிசீவரின் ஆன்டெனாவைப் படகின் முதுகில் நிற்கும் கோபுரத்தின் உச்சியில் நிறுத்தி, உச்சி வெளியே தெரியும் ஆழத்தோடு நின்றுகொள்வது. மூன்று, ஆன்டெனாவை ஒரு சிறு மிதவையில் வைத்து மெல்லிய கோஆக்சியல் கம்பியால் இழுத்துச் செல்வது. கம்பி எவ்வளவு நனைந்தாலும் பரவாயில்லை, அதன் நுனியில் உறை உரித்த 31 மி.மீ. மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும்.

மிதவை பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று முகம் சுளிக்கிறார்கள். நானும் சுளித்தவன்தான். இப்போது மிதவையோடுதான் விடுகிறேன். காரணம் கடைசிக் கேள்வியில்.

பாலாஸ்ட் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள்.

சூத்திரம் தேவையில்லை, மளிகைக்கடைத் தராசு போதும். படகு மேலே மிதக்கும்போது நீர்க்கோட்டுக்கு மேல் தெரியும் பாகங்கள் மூழ்கும்போது எவ்வளவு தண்ணீரை விலக்குமோ, அவ்வளவு தண்ணீரைத் தொட்டி வாங்க வேண்டும். கூட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடுவதால் கணக்கில் வருவது பிளாஸ்டிக்கின் கனம் மட்டும். அந்தப் பாகங்கள் 280 கிராம் என்று வையுங்கள். பி.வி.சி.யின் அடர்த்தி சுமார் 1.4. வகுத்தால் 200 மில்லி. கொஞ்சம் கூடுதலாக 240 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 60 மில்லி சிரிஞ்சு நான்கு.

சிரிஞ்சை விடச் சின்னப் பம்பு வைத்துவிடலாமே?

பம்பு வைத்தால் தொட்டியில் பாதித் தண்ணீரும் பாதிக் காற்றுமாக நிற்கும். படகு சற்றே மூக்கைத் தாழ்த்தினால் தண்ணீரெல்லாம் முன்னே ஓடும். மூக்கு இன்னும் தாழும். குடத்தில் பாதித் தண்ணீர் தூக்கி நடந்தவர்களுக்கு இது தெரியும். சுருங்கி விரியும் பைக்குள் தண்ணீரை வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். சிரிஞ்சில் காற்றே இல்லை; எவ்வளவு வாங்கினாலும் தண்ணீர் அசையாது.

நான்கு சிரிஞ்சின் தண்டுகளையும் ஒரே தகட்டில் கட்டி, நடுவில் திருகாணித் தண்டு ஒன்றை கியர் மோட்டாரால் சுழற்றுங்கள். ஆறு மி.மீ. திருகாணி ஒரு சுற்றுக்கு ஒரு மி.மீ. நகரும். நிமிடத்துக்கு 300 சுற்று மோட்டார் என்றால் பத்து செ.மீ. இழுக்க 20 நொடி. இரு முனைகளிலும், தகடு வந்து தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் கட்டாயம். அது இல்லாமல் என் இரண்டாம் படகு தன் தகட்டைத் தானே உடைத்துக்கொண்டது.

இதில் ஒரு உபரி லாபமும் உண்டு. சிரிஞ்சு தண்ணீரை வாங்கும்போது உலர் உருளைக்குள் இருக்கும் காற்று நெருக்கப்படும். உள்ளே 1.2 லிட்டர் காற்று இருந்து 240 மில்லி இடம் போனால் அழுத்தம் கால் பங்கு கூடும். எங்காவது ஓட்டை இருந்தால் தண்ணீர் உள்ளே வருமுன் குமிழி வெளியே வந்து காட்டிக்கொடுக்கும்.

எவ்வளவு இறுக்கினாலும் கசிகிறதே, எங்கிருந்து வருகிறது?

இறுக்குவதால்தான். ஓ-ரிங் தன் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு நசுங்கினால் போதும்; அதற்கு மேல் இறுக்கினால் மூடி வளைந்து இன்னொரு பக்கம் வாய் திறக்கும். 90 மி.மீ. மூடியின்மேல் இரண்டு மீட்டர் ஆழத்தில் தண்ணீரே ஏறக்குறைய 13 கிலோ எடையோடு அழுத்துகிறது. மூடியை மூட அதுவே உதவி செய்யும்.

நிலையான மூடிகளைவிட அசையும் இடங்களில்தான் கசிவு அதிகம். புரொப்பல்லர் தண்டுக்குப் பித்தளைக் குழலும் இரண்டு சிறிய ஆயில் சீலும் போட்டு, நடுவில் கிரீஸ் அடைத்துவிடுங்கள். கிணற்று மோட்டாரில் செய்வதன் குட்டி வடிவம்தான். சுக்கானையும் சிறகையும் இழுக்கும் கம்பிகள் முன்னும் பின்னும் நகர்கிறவை. அவற்றுக்குச் சைக்கிள் கடையில் கிடைக்கும் பழைய காலத்து வால்வு டியூப் நன்றாக உதவும். ஒரு முனையை மூடியிலுள்ள குழலிலும் மறு முனையைக் கம்பியிலும் நூலால் கட்டிவிட்டால் டியூப் நீண்டு சுருங்கிக் கொடுக்கும், தண்ணீர் புகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஓ-ரிங்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கூடாது. இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப் பிசுபிசுத்துப்போகும். இது ரப்பர் விளையும் மாவட்டம், பால்வெட்டும் எவரைக் கேட்டாலும் சொல்வார். நைட்ரைல் ஓ-ரிங் வாங்கி, சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள்.

ஈயம் எங்கே வைப்பது, தெர்மாகோல் எங்கே வைப்பது? என் படகு ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறது.

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கேட்கிறவர்களில் பத்தில் ஒருவர்தான் இதைக் கேட்கிறார். மற்றவர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ்தான் எல்லாம். தொட்டிக்கு அருகில் ஒரு முக்காலி போட்டு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். நான் மூன்று ஞாயிறுகள் கொடுத்திருக்கிறேன்.

முதலில், எடை கீழே, மிதப்பு மேலே. வலைக்கடையில் கிடைக்கும் ஈயக்குண்டுகளைத் தட்டையாக்கிக் கூட்டின் அடிவயிற்றில் வையுங்கள். தெர்மாகோலின் மணிகளுக்கு இடையே மெல்ல நீர் ஏறும், ஆகவே கெட்டியான மூடிய துளை ஃபோம் கிடைத்தால் நல்லது. படகை விரலால் சாய்த்துவிட்டால் அது தானே நிமிர வேண்டும். படுத்துக்கொள்கிறது என்றால் ஈயம் போதிய தாழ்வில் இல்லை, அல்லது பேட்டரி உயரத்தில் இருக்கிறது.

இரண்டாவது, பாலாஸ்ட் சிரிஞ்சுகளை முழுக்க நிரப்பி, கோபுரத்தின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி ஈயத்தைக் கூட்டிக் குறையுங்கள். இருபது கிராம் மிதப்பு மிச்சமிருக்கட்டும். கூட்டுக்குள் காற்றுக்குமிழி தங்கியிருந்தால் எல்லாக் கணக்கும் பொய். படகைப் புரட்டிக் குமிழிகளை விரட்டிய பிறகே அளவிடுங்கள்.

மூன்றாவது, சிரிஞ்சுகளைக் காலி செய்து படகு எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். இங்கே ஈயத்தைத் தொடாதீர்கள். நீர்க்கோட்டுக்குக் கீழே இருக்கும் ஃபோம் எப்போதும் தூக்கும். மேலே இருக்கும் ஃபோம் மூழ்கும்போது மட்டும் தூக்கும். படகு தாழ்வாக மிதந்தால் ஃபோமைக் கீழே இறக்குங்கள், உயரமாக மிதந்தால் மேலே ஏற்றுங்கள். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

எந்தப் பேட்டரி போடுவது?

தொடக்கத்தில் 12 வோல்ட் சிறிய ஈய பேட்டரி. எப்படியும் ஈயம் வைக்கத்தான் போகிறோம். அந்த எடை வேலையும் செய்யட்டும். ஆனால் உருளையை மூடிவைத்துக்கொண்டு சார்ஜ் போடக் கூடாது. ஈய பேட்டரி ஹைட்ரஜனை விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். லித்தியம் போடுகிறவர்கள் உருளைக்குள் நீர் புகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எங்கே விடலாம்? குளச்சல் கடலில் விட்டால் எப்படி இருக்கும்?

கடல் வேண்டாம். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் 27 மெகாஹெர்ட்ஸ் அலைகூட ஐந்து செ.மீ.க்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்காகத் தேயும். அலை அடிக்கும். அதோடு துறைமுகமும் அணுமின் நிலையமும் உள்ள கடற்கரை இது. ஒரு கோபுரம் தண்ணீரிலிருந்து எழும்புவதைப் பார்த்தால் கடலோரக் காவல்காரர்கள் வந்து விசாரிப்பார்கள். அது அவர்களுடைய வேலை.

கோயில் தெப்பக்குளம், அணை நீர்த்தேக்கம் இரண்டையும் விட்டுவிடுங்கள். பாறைக்குவாரிக் குழிகளில் தண்ணீர் பளிங்குபோல் இருக்கும், ஆசை காட்டும். கரை செங்குத்து, ஆழம் தெரியாது. படகு போனால் போகட்டும், அதை எடுக்க யாரும் இறங்க வேண்டாம். தென்னந்தோப்புகளில் உள்ள சிமெண்டுத் தொட்டிகள், கேட்டுக்கொண்டு பயன்படுத்தும் நீச்சல்குளங்கள், ஆகாயத்தாமரை மூடாத ஊர்க்குளங்கள் போதும். மழைக்காலத்தில் குளத்து நீர் கலங்கிப் படகு ஒரு சாண் இறங்கினாலே மறைந்துவிடும். மாசி, பங்குனி நல்ல காலம்.

கசிவே இல்லை என்று சோதித்துவிட்டேன். ஆனாலும் உள்ளே துளித்துளியாக நீர் நிற்கிறதே?

இரண்டு காரணங்கள் உண்டு. நம் பக்கத்துக் காற்றில் எப்போதும் ஈரம். அதை உருளைக்குள் பூட்டிக் குளிர்ந்த நீரில் இறக்கினால் சுவரில் வியர்க்கும். புதிய செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுங்கள்.

இன்னொன்று கொஞ்சம் கள்ளத்தனமானது. படகை வெயிலில் வைத்திருந்து, உள்ளே 45 பாகை சூட்டில் இருக்கும்போது மூடியை மூடி, 28 பாகை நீரில் விடுகிறீர்கள். காற்று குளிர்ந்து உள்ளழுத்தம் ஐந்து சதவீதம் குறையும். அது அரை மீட்டர் ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமம். மேற்பரப்பில் மிதக்கும்போதே படகு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும். நிழலில் வைத்து மூடுங்கள்.

வீட்டுத் தொட்டியில் அளவாக நின்ற படகு, குளத்தில் தரைக்குப் போய்விட்டது. ஏன்?

வெந்நீர் லேசானது. 25 பாகையில் ஒரு லிட்டர் நீர் 997 கிராம், 32 பாகையில் 995 கிராம். ஐந்து லிட்டர் விலக்கும் படகுக்குப் பத்து கிராம் வித்தியாசம். காலையில் தொட்டியில் சரிசெய்துவிட்டு மதியம் வெயில் காய்ந்த குளத்தில் விட்டால் அந்தப் பத்து கிராம் உங்களைக் கவிழ்க்கும். இருபது கிராம் மிச்சம் வையுங்கள் என்று மேலே சொன்னது இதற்குத்தான். கடலில் நேர்மாறு: லிட்டர் 1,025 கிராம், அதே படகு மூழ்க 125 கிராமுக்கு மேல் கூடுதல் ஈயம் கேட்கும்.

ஒரே ஆழத்தில் அசையாமல் நிறுத்த முடியுமா? காணொலிகளில் நிற்கிறதே.

யாரோ விடாமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பார்கள், அல்லது அழுத்தத்தை உணர்ந்து சிரிஞ்சை நகர்த்தும் ஒரு சிறு சர்க்யூட் இருக்கும். ஃபோமும் டியூபும் ஆழத்தில் சற்றே சுருங்கும். சுருங்கினால் மிதப்பு குறையும். குறைந்தால் இன்னும் ஆழம், இன்னும் சுருக்கம். மேலே வரும்போதும் இப்படியே. பாட்டிலுக்குள் பேனா மூடியை மூழ்கவிட்டு விளையாடிய பிள்ளைகளுக்கு இது பழக்கமானது.

சர்க்யூட் இல்லாதவர்கள் மெல்ல ஓடிக்கொண்டே சிறகால் ஆழத்தைப் பிடிப்பதே மேல். வேகம் பற்றிச் சொல்ல வேண்டும்: மோட்டாரை முறுக்கிவிடாதீர்கள். கல்வரியின் நீரடி வேகம் மணிக்கு 37 கி.மீ. 1:56 மாதிரியில் அதை 56 ஆல் அல்ல, அதன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நொடிக்கு 1.4 மீட்டர் வரும், வேகமாக நடக்கும் ஆளின் வேகம். அதற்கு மேல் ஓடினால் நீர்மூழ்கியாகத் தெரியாது, துரத்தப்பட்ட விரால்போல் தெரியும்.

பஸ்ஸில் கொண்டுபோகும்போது போலீஸ் பிடிக்கவில்லையா?

ஒருமுறை எல்லையில் சோதனைக்காக நிறுத்தினார்கள். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாயை விளக்குவது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. கூட்டை மாட்டாமல் உலர் உருளையை மட்டும் கொண்டுபோனது என் தவறு. இப்போது கூட்டோடு, கோபுரத்தோடு, பேட்டரியைத் தனியே கழற்றி எடுத்துச் செல்கிறேன். பார்த்ததும் கப்பல் என்று தெரிந்துவிடுகிறது. "சாரே, இது முங்குமோ?" என்று கேட்டுவிட்டு விடுகிறார்கள்.

ஆழத்தில் சிக்னல் போய்விட்டால்? படகு மேலே வரவே இல்லை என்றால்?

ரிசீவரில் ஃபெயில்சேஃப் இருந்தால், சிக்னல் அறுந்ததும் மோட்டாரை நிறுத்தி சிரிஞ்சுகளைக் காலி செய்யும்படி அமைத்துவிடுங்கள். கரையில் ரிமோட்டை அணைத்து, அது நடக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளில் இந்த வசதி இருக்காது. தனியே ஒரு பலகை சேர்க்க வேண்டும். பேட்டரியே இறந்துவிட்டால் இவை எதுவும் உதவாது. அப்போது கைகொடுப்பது மிச்சம் வைத்த இருபது கிராம். அதுவும் சிரிஞ்சுகள் நிரம்பியிருந்தாலும் படகு மெல்ல மேலே வரும் அளவுக்கு.

உருளைக்குள் நீர் புகுந்துவிட்டால் இருபது கிராமும் உதவாது. அதற்குத்தான் மிதவை. கம்பியோடு சேர்த்துக் குளத்து ஆழத்தைவிட நீளமான நைலான் நரம்பையும் கட்டிவிடுங்கள். படகு எங்கே கிடக்கிறது என்று மிதவை காட்டும், நரம்பைப் பிடித்து இழுக்கலாம். என் இரண்டாம் படகுக்கு மிதவை இல்லை. அழகு கெடும் என்று கட்டவில்லை. ஒரு கார்த்திகை மாதம் ஊர்க்குளத்தில் இறங்கியது, வரவில்லை. இரண்டு நாள் பையன்கள் முங்கித் தேடினார்கள். சித்திரையில் குளம் வற்றியபோது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் அதைத் தோளில் சுமந்துகொண்டு கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, உங்கள் பலகையில் போட்டிருக்கிற மோட்டார் இதுதானா?" என்றார். உருளைக்குள் சேறு, கூட்டுக்குள் ஒரு நண்டு. மின்சாரப் பொருள் எதுவும் தேறவில்லை. இதன் மூக்கும் சிரட்டைதான், அது மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதைக் கழற்றித்தான் இப்போதைய படகில் மாட்டியிருக்கிறேன்.